7.5% மருத்துவ சீட்: ஒரு சட்டம் எத்தனை கை மாறி வந்தது? பிள்ளைகளுக்கு மாநில அரசைப் புரியவைக்க ஓர் எளிய வழி!

எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் 'மாநில அரசு எவ்வாறு செயல்படுகிறது' என்று ஒரு பாடம் இருக்கு. சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் அதைச் செயல்படுத்தும், நீதித்துறை சட்டத்துக்கு விளக்கம் சொல்லும். பிள்ளைகள் இந்த மூன்று வரியை மனப்பாடம் பண்ணிடுவாங்க. பரீட்சையிலும் எழுதிடுவாங்க.

அதே பிள்ளையிடம் "கலெக்டர் இந்த மூணுல எதுல வருவார்?"னு கேட்டுப் பாருங்க. "எம்.எல்.ஏ.வும் அமைச்சரும் ஒண்ணா?"னு கேளுங்க. பாதிப் பேர் முழிப்பாங்க. உண்மையைச் சொன்னா, நம்மில் பலரும் முழிப்போம்.

மூன்று துறைகளும் தனித்தனியா என்ன செய்யும்னு பாடம் சொல்லுது. ஒரு விஷயம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு எப்படிப் போகுது, நடுவுல எங்க நிக்குது, நின்னா யார் தள்ளிவிடுறாங்க என்பதை ஒரு கதையா பார்த்தாத்தான் பிள்ளைக்குப் பிடிபடும். அதுக்குத் தமிழ்நாட்டிலேயே கச்சிதமான ஓர் உதாரணம் இருக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% ஒதுக்கீடு. பென்னாகரத்தில் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இது பாடம் மட்டுமல்ல, நாளைக்கு அவங்க சீட்டே இதுலதான் இருக்கு.

பென்னாகரத்தில் அரசு எங்கே இருக்கிறது?

முதலில் ஊருக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். பென்னாகரம் தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 58-வது. இங்கிருந்து தேர்வாகும் எம்.எல்.ஏ. சென்னையில் சட்டமன்றத்தில் உட்காருவார். அதுதான் முதல் துறை. ஊரில் இருக்கிற தாலுகா அலுவலகம், காவல் நிலையம், அரசு மருத்துவமனை, தருமபுரியில் இருக்கிற கலெக்டர் அலுவலகம் எல்லாம் நிர்வாகம். பென்னாகரம் நீதிமன்றம் மூன்றாவது துறையின் கீழ்ப்படி. அதன் மேல்படி சென்னை உயர் நீதிமன்றம்.

இங்கே பிள்ளைகள் குழம்புற ஒரு இடம் உண்டு. எம்.எல்.ஏ. ஆனாலே அரசாங்கத்தில் இருக்கிறார்னு நினைச்சுக்குவாங்க. பென்னாகரத்தையே எடுத்துக்கோங்க. 2016-ல் ஜெயித்த திமுகவின் இன்பசேகரன், 2021-ல் ஜெயித்த பாமகவின் ஜி.கே.மணி ரெண்டு பேருமே அந்தந்த நேரத்தில் ஆளுங்கட்சி இல்லை. சட்டமன்றத்தில் இருந்தாங்க, ஆனா அமைச்சரவையில் இல்லை. பக்கத்துத் தொகுதியான பாலக்கோட்டில் 2016-ல் ஜெயித்த அதிமுகவின் கே.பி.அன்பழகன், எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார், உயர்கல்வித் துறை அமைச்சராகவும் இருந்தார். அதாவது ஒரே ஆள், சட்டமன்றத்திலும் நிர்வாகத்திலும். நம்ம ஆட்சி முறையில் இந்த ரெண்டு துறைக்கும் நடுவில் சுவர் இல்லை, கதவுதான் இருக்கு.

அடுத்தது, சட்டத்துக்கும் உத்தரவுக்கும் என்ன வித்தியாசம்? இதைப் பென்னாகரம் பிள்ளைகளுக்குச் சொல்றது ரொம்ப சுலபம். காவிரியில் தண்ணீர் வரத்து கூடினால், ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கவும் குளிக்கவும் தடைன்னு மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். அதுக்காக சட்டமன்றம் கூடுறதில்லை. ஏற்கெனவே இருக்கிற அதிகாரத்தை வைத்து நிர்வாகம் அன்றைக்கே எடுக்கிற முடிவு அது. தண்ணீர் வடிந்ததும் தடையும் போயிடும். அது உத்தரவு. சட்டம் அப்படி இல்லை. வர்றதுக்கும் நாளாகும், போறதுக்கும் நாளாகும். இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

7.5% எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் பிளஸ் 2 படிப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் அரசுப் பள்ளி மாணவர்கள். ஆனால் நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் எண்ணிக்கை, மாநிலம் முழுவதும் சேர்த்தே, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. (நீட்டுக்கு முன்னாடி கூட்டம் கூட்டமா சேர்ந்தாங்கன்னும் சொல்ல முடியாது. அப்பவும் குறைவுதான்.)

2020 மார்ச் மாதம், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ஒதுக்கீடு தருவது பற்றி சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையம் பரிந்துரைத்தது 10%. அமைச்சரவை முடிவு செய்தது 7.5%.

இங்கேயே பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேட்கலாம். "நீதிபதி சொன்னதை அமைச்சரவை எப்படி மாத்தலாம்?" மாத்தலாம். ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி இருந்தாலும் அது நீதிமன்றம் இல்லை. அது சொல்றது பரிந்துரை, தீர்ப்பு இல்லை. முடிவெடுக்கிற பொறுப்பு அமைச்சரவையோடது.

2020 செப்டம்பர் 15. கொரோனா காலம் என்பதால் சட்டமன்றம் கோட்டையில் கூடவில்லை, இடைவெளி விட்டு உட்கார வசதியாக கலைவாணர் அரங்கத்தில் கூடியது. அங்கேதான் இந்த மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் ஆதரவு.

'அவ்வளவுதானே, சட்டம் வந்துடுச்சு'ன்னு பிள்ளைகள் சொல்வாங்க. இல்லை. அந்தக் காகிதத்துக்கு அன்றைக்குப் பேர் மசோதா. சட்டம் ஆக இன்னொரு கையெழுத்து வேண்டும்.

கையெழுத்துக்குக் காத்திருந்த 45 நாள்

ஆளுநர் எந்தத் துறை? இதுக்குப் பல ஆசிரியர்களே 'நிர்வாகம்'னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடுறாங்க. பாதிதான் சரி. அரசியலமைப்பின் 154-வது பிரிவுப்படி மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அதைப் பயன்படுத்துவார். ஆனால் 168-வது பிரிவைப் பார்த்தால், மாநில சட்டமன்றம் என்பதே ஆளுநரும் பேரவையும் சேர்ந்ததுதான். அதாவது அவருக்கு ரெண்டு தொப்பி. பேரவை நிறைவேற்றின மசோதா அவர் கையெழுத்து இல்லாமல் முழுமை அடையாது.

மசோதா வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்பதை 200-வது பிரிவு சொல்கிறது. ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், மறுபரிசீலனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கி வைக்கலாம். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிச்சது.

அப்போது ஆளுநர் பன்வாரிலால் புரோகித். செப்டம்பர் போனது. அக்டோபர் 16-ம் தேதி நீட் முடிவுகளும் வந்துடுச்சு. கலந்தாய்வு எந்த நேரத்திலும் தொடங்கணும். ஒப்புதல் வராமல் கலந்தாய்வு நடந்தால், அந்த வருடம் மதிப்பெண் எடுத்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது. அடுத்த வருடம் சட்டம் வந்து அவங்களுக்கு என்ன பயன்?

இந்த நெருக்கடியில்தான் ஒவ்வொரு கையும் அசைந்தது. அமைச்சர்கள் ஐந்து பேர் ராஜ்பவனுக்கு நேரில் போய் ஆளுநரைச் சந்தித்து வலியுறுத்தினாங்க. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார். முடிவெடுக்க 3 முதல் 4 வாரம் வேண்டும் என்று ஆளுநரிடமிருந்து பதில் வந்தது. அக்டோபர் 24-ம் தேதி திமுக ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஒப்புதல் வரும்வரை கலந்தாய்வைத் தொடங்க மாட்டோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வழக்கை விசாரித்தபோது தாமதம் பற்றிக் கவலை தெரிவித்தது. கவனிங்க, ஆளுநர் தன் பதவிக்குரிய அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்காக எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்று 361-வது பிரிவு சொல்லுது. நீதிமன்றத்துக்கும் எல்லை உண்டு என்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பரிசல் தடையை ஞாபகம் வச்சிருக்கீங்களா?

2020 அக்டோபர் 29. காத்திருந்து பார்த்த அரசு, வேற வழியில் போனது. மசோதா கையெழுத்தாகலையா, சரி, நிர்வாக உத்தரவாகவே போட்டுடலாம்னு 7.5% ஒதுக்கீட்டுக்கு அரசாணை வெளியிட்டது. இதுக்குக் கைகொடுத்தது 162-வது பிரிவு. எந்தெந்த விஷயத்தில் மாநில சட்டமன்றம் சட்டம் போடலாமோ, அந்த விஷயங்களில் மாநில நிர்வாகத்துக்கும் அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம்.

பரிசல் தடை போடுவதும் இதுவும் ஒரே ரகம். ரெண்டுமே உத்தரவு. ஆனால் உத்தரவு உடனே வரும், சட்டத்துக்கு இருக்கிற உறுதி அதுக்குக் கிடையாது. நாளைக்கு இன்னொரு அரசாணை போட்டு இதை மாத்திடலாம், நீதிமன்றத்திலும் கேள்வி கேட்பது சுலபம். சட்டத்தை மாத்தணும்னா மறுபடி பேரவைக்குப் போகணும், 234 பேர் முன்னாடி காரணம் சொல்லணும்.

அடுத்த நாளே, அக்டோபர் 30-ம் தேதி, ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தந்தார். மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரலிடம் செப்டம்பரிலேயே சட்டக் கருத்து கேட்டிருந்ததாகவும், அது 29-ம் தேதிதான் வந்ததாகவும் ராஜ்பவன் விளக்கம் தந்தது. அரசாணை வந்ததால்தான் ஒப்புதல் வந்ததா, கருத்து வந்ததால் வந்ததா என்று இன்றைக்கும் ஆளுக்கொரு பதில் சொல்வாங்க. வகுப்பில் அதை விவாதத்துக்கு விடலாம். தேதிகள் மட்டும் மாறாது: செப்டம்பர் 15, அக்டோபர் 29, அக்டோபர் 30.

சீட் கிடைச்சது, பணம்?

நவம்பர் 18-ம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் கலந்தாய்வு தொடங்கியது. அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் போனது. ஒற்றை இலக்கத்திலிருந்து நூற்றுக்கணக்குக்கு, ஒரே வருடத்தில்.

ஆனால் சட்டத்தில் எழுதாத ஒரு விஷயம் கலந்தாய்வு மேஜையில் தெரிஞ்சது. 7.5% என்பது அரசுக் கல்லூரி இடங்களில் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் உண்டு. தனியார் கல்லூரி கிடைத்த சில பிள்ளைகள் கட்டணத்தைக் கேட்டதும் சீட்டே வேண்டாம்னு திரும்பினாங்க. கூலி வேலைக்குப் போற வீட்டில் வருடத்துக்குச் சில லட்சம் என்பது நினைச்சுப் பார்க்கக்கூடிய தொகை இல்லையே.

சில நாட்களுக்குள், கட்டணத்தை அரசே ஏற்கும், அதற்குச் சுழல் நிதி உருவாக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இதுக்குப் புது சட்டம் வேண்டியதில்லை. நிர்வாகத்தின் வேலை சட்டத்தை அப்படியே நடத்துறது மட்டுமில்லை, சட்டம் போட்டவர்கள் யோசிக்காத ஓட்டையை அடைப்பதும்தான். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பட்ஜெட்டில் இருந்து. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது யார்? சட்டமன்றம். திரும்பவும் முதல் கைக்கே வந்துட்டோம் பாருங்க.

2021-ல் ஆட்சி மாறியது. ஒதுக்கீடு போகவில்லை, விரிந்தது. நீதிபதி டி.முருகேசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 7.5% தரும் மசோதா 2021 ஆகஸ்ட் மாதம் நிறைவேறியது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சட்டம் வந்த பிறகு எதிர்த்து வழக்குப் போட்டாங்க. ஏற்கெனவே 69% இடஒதுக்கீடு இருக்கும்போது இது எதுக்கு, ஒரே நீட் எழுதுகிறவர்களைப் பள்ளியை வைத்துப் பிரிப்பது சமத்துவமா என்பது போன்ற கேள்விகள். (7.5% என்பது 69%-க்கு மேல் கூடுதலா சேர்வது இல்லை. அதுக்குள்ளேயே, அந்தந்தப் பிரிவில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்குவது. இதை நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க.)

2022 ஏப்ரல் 7-ம் தேதி, தலைமை நீதிபதி முனீஸ்வர் நாத் பண்டாரி, நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி அமர்வு தீர்ப்பு சொன்னது: 7.5% செல்லும். கூடவே, இதை 5 ஆண்டுகளுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். நீதிமன்றம் 'சரி' அல்லது 'தப்பு' என்று முத்திரை குத்துற இடம் மட்டுமில்லை. சட்டத்தை அனுமதிச்ச அதே தீர்ப்பில், 'பள்ளிக்கூடம் நல்லா இருந்தா இந்த ஒதுக்கீடே தேவைப்படாதே' என்கிற கேள்வியையும் நிர்வாகத்தின் மேஜையில் வச்சது. இன்னொன்று, நீதிமன்றம் தானாகப் போய் இந்தச் சட்டத்தைத் தேடிப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவர் மனு போட்டதால்தான் பார்த்தது.

அப்போ நீட் விலக்கு மசோதா மட்டும் ஏன் நிக்குது?

புத்திசாலிப் பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி. அதே சட்டமன்றம் 2021 செப்டம்பர் 13-ம் தேதி நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என்.ரவி 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8-ம் தேதி பேரவை சிறப்புக் கூட்டம் கூடி மறுபடி நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4-ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பேரவையில் தெரிவித்தார்.

வித்தியாசம் இதுதான். கல்வி பொதுப்பட்டியலில் இருக்கு. அதாவது மாநிலமும் சட்டம் போடலாம், மத்திய அரசும் போடலாம். ரெண்டும் மோதினால் மத்திய சட்டம்தான் நிற்கும். மாநில சட்டம் நிற்கணும்னா குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரணும். நீட் வேண்டாம் என்ற மசோதா மத்திய சட்டத்தோடு நேராக மோதியது. 7.5% மோதவில்லை. நீட் எழுதணும், தகுதி பெறணும், அதுக்குப் பிறகு மாநிலத்தின் கையில் இருக்கிற இடங்களை எப்படிப் பங்கு வைப்பது என்பதை மட்டும்தான் அது சொல்லுது.

ஆளுநர் எத்தனை நாள் வச்சிருக்கலாம் என்ற பழைய கேள்விக்கும் சமீபத்தில் பதில் வந்தது, ரெண்டு பதில். தமிழ்நாடு தொடர்ந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, நிலுவையில் இருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. அதன் பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, 2025 நவம்பர் 20-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் பெற்றதாகக் கருதவும் முடியாது என்றது. காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம் என்றும் சொன்னது.

வகுப்பில் எப்படிச் செய்து பார்ப்பது?

ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் 'மசோதா'ன்னு எழுதி, வகுப்பில் கைமாற்றி விடுங்க. ஒரு பிள்ளை பென்னாகரம் எம்.எல்.ஏ., ஒரு பிள்ளை முதலமைச்சர், ஒருத்தர் ஆளுநர், ஒருத்தர் கலெக்டர், ரெண்டு பேர் நீதிபதி, மிச்சப் பேர் பேரவை. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை அரசுப் பள்ளி மாணவி, கையில் நீட் மதிப்பெண்ணோடு காத்திருக்கணும். விதி ஒன்றே ஒன்றுதான்: தன் வேலை எதுவோ அதை மட்டும் செய்யலாம், அடுத்தவர் வேலையைச் செய்யக் கூடாது. ஆளுநராக இருக்கிற பிள்ளையிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்க, 'நீ தாளை வாங்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லாம உட்காரு' என்று. அடுத்த பத்து நிமிஷம் வகுப்பு தன்னால பாடம் நடத்திக்கும். 'சார், அவன் தர மாட்டேங்கிறான்', 'நாமளே உத்தரவு போட்டா என்ன?', 'கோர்ட்டுக்குப் போலாமா?' எல்லாம் அவங்க வாயிலிருந்தே வரும்.

பெற்றோர் கவனத்துக்கு: யாருக்கு இந்த ஒதுக்கீடு?

சட்டம் யாருக்குன்னு தெரியாமல் வாய்ப்பை விடுறவங்களும் இருக்காங்க. 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, வனத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாக 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது.

அதனால் பத்தாம் வகுப்பு முடிச்சதும் 'நல்லா படிக்கிற பிள்ளையாச்சே'ன்னு பிளஸ் 1-க்குத் தனியார் பள்ளிக்கு மாத்துற பெற்றோர், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுக்கோங்க. நல்லா படிக்கிற அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தச் சட்டம் போட்டது. எந்தெந்த வகுப்பு எங்கே படித்தார் என்று பள்ளியில் தரும் படிப்புச் சான்று கலந்தாய்வில் கட்டாயம் கேட்பாங்க. பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலிருந்தும் இப்பவே வாங்கி வச்சுக்கோங்க, நீட் முடிவு வந்த வாரத்தில் அலைய வேண்டாம்.